கண்டக்டர் ஆத்மநாதனின் கவுச்சி மருந்து

கந்தர்வக்கோட்டை ஆத்மநாதன் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு கிடைத்தது வேலைக்குத்தான், அவருக்குள் இருந்த கண்டக்டருக்கு இல்லை. கல்யாணப் பந்தியில் நின்றாலும் "உள்ள போங்க, உள்ள போங்க, எடம் கெடக்கு" என்று கையை வீசுவார். கோயில் வரிசையில் யாராவது இடையில் நுழைந்தால் முதலில் அவர் கண்ணில்தான் படும். மனைவி பரிமளா பக்கத்துத் தெருவுக்குப் போய்வந்தால்கூட எங்கே ஏறினாள், எங்கே இறங்கினாள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டால்தான் அவருக்குச் சோறு இறங்கும்.

இப்படிப்பட்டவரிடம் ஒரு ரகசியம் பத்துப் பன்னிரண்டு வருஷமாகக் குடியிருந்தது என்று சொன்னால் ஊரில் ஒருத்தரும் நம்பமாட்டார்கள். ஆனால் இருந்தது. ரகசியம் இதுதான்: அவர் ஏன் கவுச்சியை விட்டார் என்பது.

ஒரு காலத்தில் அவர் சாப்பாட்டில் பாரபட்சம் பார்க்காதவர். ஆடு, கோழி, குளத்து மீன், வயல் நண்டு என்று எது வந்தாலும் வரவேற்பார். எந்த ஸ்டாப்பிங்கில் எந்தக் கடையில் குடல் குழம்பு நன்றாக இருக்கும் என்று டிரைவர்களுக்கே அவர்தான் வழிகாட்டி. அப்படி இருந்த மனிதர் ஒரு நாள் எல்லாவற்றையும் விட்டார். முட்டையைக்கூட விட்டார். ஏன் என்று கேட்டால், "தோணுச்சு, விட்டேன்" என்பார். வயிற்றுப்புண் என்று சிலர் பேசிக்கொண்டார்கள். கறி விலைக்குப் பயந்துவிட்டார் என்று சிலர் சொன்னார்கள். பரிமளா வாய் திறந்து எதுவும் சொல்லவில்லை. அவளுக்கென்று ஒரு காரணம் மனசுக்குள் இருந்தது, அதுதான் எல்லாவற்றிலும் மோசமான காரணம்.

நடந்தது இவ்வளவுதான். அவர்களுடைய ஒரே மகள் கலைமதி அப்போது தஞ்சாவூரில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பரிமளா விரால் மீன் குழம்பு வைத்தாள். அன்றைக்கு என்ன நினைப்போ, உப்பு கூடிப்போனது. டியூட்டிக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்த ஆத்மநாதன் ஒரு வாய் வைத்ததுமே, "இத மனுசன் வாயில வைப்பானா" என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். மத்தியானம் ஹாஸ்டலிலிருந்து போன் வந்தது. பிள்ளைக்குக் கடும் காய்ச்சல், மயங்கி விழுந்துவிட்டாள், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம், உடனே வாருங்கள் என்றார்கள். போய்ப் பார்த்தால், டாக்டர்கள் ரத்தத்தில் என்னவோ குறைந்துகொண்டே போகிறது என்று உதட்டைப் பிதுக்கினார்கள். ஆத்மநாதன் ஆஸ்பத்திரி வாசலில் இருந்த வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். "கருப்பா, எம்புள்ளைய எந்திரிச்சு ஒக்கார வச்சிரு. இனிமே எந்தக் கவுச்சியும் என் நாக்குல படாது" என்று முணுமுணுத்தார். இரண்டாம் நாள் பிள்ளை எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டாள்.

வீடு திரும்பிய சந்தோஷத்தில் பரிமளா மறுபடி மீன் வாங்கிக் குழம்பு வைத்தாள். இந்தத் தடவை உப்பு, புளி, காரம் எல்லாம் அளவாக இருந்தது. ஆத்மநாதன் தட்டைப் பார்த்துவிட்டு, "எனக்கு வேணாம்" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. காரணம், நேர்ந்துகொண்டதை வெளியே சொன்னால் பலிக்காது. இது அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். முதலில் யார் சொன்னது என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. பெண்டாட்டியிடம் சொன்னாலும் வெளியே சொன்னதுதானா என்று அவருக்குச் சந்தேகம் இருந்தது. சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள யாரிடமாவது கேட்க வேண்டும், கேட்டால் சொன்ன மாதிரி ஆகிவிடும். ஆகவே கேட்கவும் இல்லை.

பரிமளா அந்தத் தட்டோடு இந்தத் தட்டைச் சேர்த்து முடிச்சுப் போட்டுக்கொண்டாள். தன் கைச் சமையல் இவருக்கு வெறுத்துவிட்டது என்பது அவள் முடிவு. அவளும் வாய் திறந்து கேட்கிற ஜாதி இல்லை. மீன் அடுப்பைக் கொல்லைப்புறத்துக்குக் கொண்டுபோனாள், கறி எடுத்தாலும் மகளுக்கு மட்டும் அங்கேயே ஆக்கிக் கொடுத்தாள். உப்பு விஷயத்தில் தன் கையை நம்புவதையே விட்டுவிட்டாள். சாம்பாரோ ரசமோ, இறக்குவதற்கு முன்னால் கரண்டியோடு சுவர் ஓரம் போய், "அக்கா, உப்புப் பாத்துச் சொல்லுங்க" என்று பக்கத்து வீட்டு அழகம்மாளைக் கூப்பிடுவாள். அழகம்மாளுக்கு ரத்தக் கொதிப்பு. டாக்டர் பேச்சைக் கேட்டு உப்பைப் பாதியாகக் குறைத்துப் பழகிய நாக்கு. எதை நக்கிப் பார்த்தாலும், "கரெக்டா இருக்கு" என்று சொல்லிவிடுவாள். இப்படியாக ஆத்மநாதன் கறியை விட்டதோடு, யாரும் கேட்காமலேயே உப்பையும் விட்டவராக ஆனார். சாமிக்காகக் கட்டிய வாயை உப்புக்காகத் திறப்பதா என்று அவரும் கிடைத்ததைச் சாப்பிட்டுவிட்டு எழுந்தார்.

வருஷங்கள் ஓடின. கலைமதிக்குக் கல்யாணம் ஆனது. மருமகன் சந்தோஷ்குமார் தங்கமான பையன். பிள்ளை மட்டும் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் போன வருஷம் அந்தக் குறையும் தீர்ந்து, வளைகாப்பு முடித்து அம்மா வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். ஆத்மநாதனுக்குக் கால் தரையில் பாவவில்லை என்று எழுத ஆசைதான். ஆனால் அவருடைய கால் தரையில் மட்டும்தான் பாவியது, அதுவும் முனகிக்கொண்டே. ஓடுகிற பஸ்ஸில் முப்பது வருஷத்துக்கு மேல் நின்ற மூட்டுகள். உட்கார்ந்தால் எழ முடியாது, எழுந்தால் உட்கார முடியாது, ஊன்றுகோல் இல்லாமல் நடக்கவும் முடியாது. பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருமுனை வரைக்கும் நடக்க வேண்டும், அது ஒன்றுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

அந்த நேரத்தில்தான் பரிமளாவின் போனில் நெடுங்கரட்டுக் கருப்பர் கோயில் ஆன்மிக நலவாழ்வு முகாம் பற்றிய வீடியோ வந்தது. அன்னவாசலுக்கு அங்கிட்டு, பாறையும் கள்ளியுமாக ஒரு கரடு, அதன் அடியில் கருப்பர். அரை மண்டலம் தங்க வேண்டும், சாமி சொல்கிற மருந்தைச் சாப்பிட வேண்டும், நோய் போய்விடும். வீடியோவில் ஒருவர் ஊன்றுகோலைத் தூக்கி எறிந்தார். பரிமளா அதை நாலு தடவை போட்டுக் காட்டிய பிறகு ஆத்மநாதன் பையைக் கட்டினார்.

முகாமை நடத்துகிற பூசாரி தங்கமுத்து வாலிப வயசெல்லாம் குவைத்தில் கழித்தவர். அங்கே கேம்ப்பில் நூறு பேரோடு தங்கிப் பழகியவருக்கு, பரம்பரைப் பூசாரி முறை கைக்கு வந்ததும், கோயிலையும் கேம்ப்பாகத்தான் நடத்தத் தெரிந்தது. தகரக் கொட்டகை, அதில் மேலும் கீழுமாக இரும்புக் கட்டில்கள், விடிந்ததும் விசில், குளித்துவிட்டு வரிசையில் நின்று சாமி கும்பிடுதல், பிறகு மருந்து. விசில் சத்தம் கேட்டதும் ஆத்மநாதனுக்கு அந்த இடம் உடனே பிடித்துப்போனது.

யாருக்கு என்ன மருந்து என்பதை வைத்தியர் முடிவு செய்வதில்லை, கருப்பர்தான் முடிவு செய்வார். வாழையிலைத் துண்டில் ஒரே மாதிரி மடித்த இரண்டு பொட்டலங்களைச் சாமி காலடியில் வைப்பார்கள். ஒன்றில் வெள்ளை அரளி, ஒன்றில் செவ்வரளி. நோயாளி கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் இலை மருந்து, அதாவது முடக்கத்தான், வாதநாராயணன், நொச்சி என்று வகை வகையான கஷாயம். சிவப்பு வந்தால் கவுச்சி மருந்து. ஆட்டுக்கால், நெஞ்செலும்பு, கருங்கோழி, நத்தை என்று ஆளுக்கும் நோவுக்கும் தக்கபடி. நத்தை என்றதும் முகத்தைச் சுளிப்பவர்களிடம், "சாமி குடுக்குறத மொகஞ் சுளிக்கக் கூடாது" என்பார் தங்கமுத்து. சாமி குறித்த மருந்தைத் தொடாமல் விட்டால் குற்றம் என்பதும் அங்கே விதி.

ஆத்மநாதன் கண்ணை இறுக மூடிக்கொண்டு வெள்ளை, வெள்ளை என்று மனசுக்குள் சொல்லியபடி எடுத்தார். பிரித்தால் செக்கச்செவேல் என்று இருந்தது. "ஆட்டுக்கால், அரை மண்டலம்" என்று தங்கமுத்து சத்தமாக அறிவித்தார். பின்னால் நின்றவர்கள், "யோகக்காரன்" என்றார்கள். ஆத்மநாதன் பூவை அவசரமாக மறுபடி இலைக்குள் மடித்தார்.

கவுச்சி வேண்டாம் என்ற வேண்டுதலை வாங்கிக்கொண்டவரும் கருப்பர், குடி என்று எழுதிக் கொடுப்பவரும் கருப்பர். எதை மீறினாலும் அது மகள் தலையில் வந்து விடியுமோ என்றுதான் அவருக்குப் பயம். அதுவும் இப்போது, பிள்ளை நிறைமாதமாக இருக்கிற நேரத்தில். ஒருவேளை இவர் வேறு கருப்பரோ, அன்றைக்கு நேர்ந்துகொண்டது குலதெய்வக் கருப்பரிடமோ என்று யோசித்துப் பார்த்தார். ஆஸ்பத்திரி வாசலில் வெறுமனே "கருப்பா" என்று சொன்னாரே தவிர எந்த ஊர்க் கருப்பர் என்று சொல்லவில்லை. சர்வீஸில் ஒரு நாள்கூட ஸ்டாப்பிங் பெயர் கேட்காமல் டிக்கெட் கிழிக்காதவர், அந்த ஒரு விஷயத்தில் இப்படிக் கோட்டைவிட்டிருந்தார்.

மருந்து ஊற்றுவது செவந்தி. கருப்பர் கோயில் மருந்து அடுப்பு முழுக்க அவள் பொறுப்பு. அவள் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்ப்பவள். ஊற்றின இடத்திலேயே உட்கார்ந்து குடிக்க வேண்டும், குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்துக் காட்ட வேண்டும். முதல் நாள் சூப்பு டம்ளர் கைக்கு வந்தபோது மிளகும் இஞ்சியும் நசுக்கிப் போட்ட சின்ன வெங்காயமும் சேர்ந்து அடித்த மணத்தில் ஆத்மநாதனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பக்திப் பரவசம் என்று செவந்தி நினைத்துக்கொண்டாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஜெபக்குமார். திருவரங்குளத்தில் டயர்க்கடை வைத்திருப்பவர். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர் என்றாலும் இடுப்பு வலிக்கு மதம் ஏது என்று வந்திருந்தார். ஆட்டுக்கால் கிடைக்கும் என்று கேள்விப்பட்டு வந்தவருக்கு வெள்ளைப் பூ வந்துவிட்டது. கரும்பச்சையாக இருந்த கஷாயத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஆத்மநாதனின் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டும் ஒரே மாதிரி எவர்சில்வர் டம்ளர். செவந்தி அடுப்புப் பக்கம் திரும்பினாள். டம்ளர்கள் இடம் மாறின.

அன்றிலிருந்து தினமும் அதே கதைதான். ஆத்மநாதன் மாற்றிய கையோடு முகத்தைத் திருப்பிக் கரட்டின் உச்சியைப் பார்ப்பார். டிக்கெட் எடுக்காதவன் ஜன்னல் வழியே வெளியே பார்ப்பதை எத்தனை வருஷம் பார்த்திருக்கிறார். இப்போது அவரே அந்த ஜன்னலோரத்தில் இருந்தார். ஜெபக்குமார் மட்டும் ஒரு தடவை, "அண்ணே, ஒங்களுக்கு ஏன் இது வேணாம்?" என்று கேட்டார். "தோணல" என்றார் ஆத்மநாதன். ஜெபக்குமார் அதற்கு மேல் கேட்கவில்லை, சூப்பு நின்றுபோகும் அபாயத்தை அவர் விரும்பவில்லை.

நாட்கள் போகப் போக ஆத்மநாதனின் மூட்டு இளகத் தொடங்கியது. அது முடக்கத்தானா, கருப்பரா, இல்லை நாள் முழுக்கக் கட்டிலில் சும்மா கிடந்ததா என்று சொல்ல முடியாது. ஜெபக்குமாரின் இடுப்பும் சரியானது, கூடவே கன்னமும் மினுமினுத்தது. தங்கமுத்துவுக்கோ பெருமை தாங்கவில்லை. போகிற வருகிறவர்களிடம் எல்லாம் ஆத்மநாதனைக் காட்டி, "நம்ம கண்டக்டரப் பாருங்க, ஆட்டுக்காலு அவரு கால எப்புடிப் புடிச்சு நிறுத்தியிருக்கு" என்றார். ஆத்மநாதன் ஒவ்வொரு தடவையும் வேஷ்டியைச் சரிசெய்துகொண்டு அந்தப் பக்கம் போனார்.

அவர் மறந்துபோன ஒரு விஷயம் கடைசி நாள். நிறைவு நாளில் குணமானவர்கள் ஒவ்வொருவராகச் சாமி முன்னால் நின்று, எரிகிற கற்பூரத் தட்டின் மேல் வலது கையைக் காட்டி, என்ன நோவு, என்ன மருந்து குடித்தேன், என்ன ஆயிற்று என்று சாட்சி சொல்ல வேண்டும். குடும்பத்தாரும் வந்திருப்பார்கள். கற்பூரத்தின் முன் பொய் சொல்வது லேசான காரியமில்லை. அந்த ஊரில் கோர்ட்டில் பொய் சொல்பவர்கள்கூடக் கற்பூரத்தைக் கண்டால் தொண்டையைச் செருமுவார்கள்.

நிறைவு நாளன்று பரிமளா வந்தாள். சந்தோஷ்குமார் நண்பனுடைய காரில் கலைமதியையும் மெதுவாகக் கூட்டிவந்திருந்தான். இந்த நிலைமையில் எதற்கு என்று எல்லோரும் சொல்லியும் அவள் கேட்கவில்லை. அப்பா நடக்கிறதை நான் பார்க்க வேண்டாமா என்று வயிற்றைத் தாங்கியபடி முதல் வரிசை நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள்.

தங்கமுத்து முதல் ஆளாக ஆத்மநாதனைத்தான் கூப்பிட்டார். ஜெபக்குமார் காதோரம் வந்து, "எதையாச்சும் சொல்லிட்டு எறங்கிருங்கண்ணே" என்று கிசுகிசுத்தார். ஆத்மநாதன் ஊன்றுகோல் இல்லாமல் நடந்துபோய் நின்றார். கூட்டம் கை தட்டியது. அவர் கையைக் கற்பூரத்தின் மேல் நீட்டினார்.

ஆட்டுக்கால் குடித்தேன் என்றால் பொய்ச் சத்தியம். குடிக்கவில்லை என்றால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொன்னால் வேண்டுதல் வெளியே வந்துவிடும், கலைமதி அங்கே வயிறும் பிள்ளையுமாக உட்கார்ந்திருக்கிறாள். கற்பூரம் அணையப் போனது. தங்கமுத்து இன்னொரு வில்லையைப் போட்டார். அதுவும் பாதி எரிந்தது.

கடைசியில் ஆத்மநாதன் தங்கமுத்துவின் காதருகே குனிந்து, தனக்குத் தெரிந்த ஒருவருடைய சங்கதி என்று ஆரம்பித்தார். அந்த ஒருவர் ஒன்றை நேர்ந்துகொண்டார், அதை வெளியே சொல்ல முடியாமல் தவிக்கிறார், அவர் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். யாரிடமும் கேட்கக்கூட முடியாது என்று அத்தனை வருஷம் வைத்திருந்த கேள்வியை அப்படித்தான் கேட்க முடிந்தது.

தங்கமுத்துவுக்கு மெதுவாகப் பேசிப் பழக்கமில்லை.

"அந்த ஆளு கேட்டது நடந்துச்சா, இல்லையா?" என்றார் ஊருக்கே கேட்கும்படி.

"நடந்துருச்சு. அப்பவே நடந்துருச்சு."

"அப்பறம் என்னத்துக்கு மூடி வச்சிருக்காரு? நடக்குற வரைக்குந்தான்யா வாய மூடணும். நடந்த பெறகு நாலு பேருகிட்டச் சொல்லணும். சொல்லலேன்னா செஞ்சு குடுத்த சாமிக்கு என்ன மரியாத?"

ஆத்மநாதன் கற்பூரத்தின் மேலிருந்து கையை எடுத்துக்கொண்டார். இறங்க வேண்டிய ஸ்டாப்பிங் எப்போதோ போய்விட்டது, தான் மட்டும் மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே வந்திருக்கிறோம் என்று அவருக்குப் புரிந்தது. முதலில் வந்தது நிம்மதி. அதன் பின்னாலேயே வெட்கம் வந்தது. அவர் சாமியிடமிருந்து திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தார்.

எல்லாவற்றையும் சொன்னார். காய்ச்சல், வேப்பமரம், நேர்ந்துகொண்டது, அன்றிலிருந்து கவுச்சியை நாக்கில் வைக்காதது, இங்கே வந்து சிவப்பு வந்தது, டம்ளரை மாற்றியது வரை ஒன்றையும் விடவில்லை. ஜெபக்குமார் எழுந்து தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நழுவினார். செவந்தி, "என் கையால ஊத்துனதையா மாத்துனீங்க" என்று இடுப்பில் கை வைத்தாள். கலைமதி அழுதுகொண்டே சிரித்தாள், "அப்பா, எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்ல" என்றாள். தன் பொருட்டு ஒரு மனிதர் இத்தனை வருஷம் வாயைக் கட்டியதை அவள் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டாள்.

கூட்டத்தில் சலசலப்பு கிளம்பியது. ஆட்டுக்கால் குடிக்காமலேயே ஆட்டுக்காலால் நடந்த மனிதர் என்று யாரோ சிரித்தார்கள். தங்கமுத்து கொஞ்சமும் அசரவில்லை. குவைத்தில் எத்தனை ஃபோர்மேன்களைச் சமாளித்தவர். விபூதித் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார்:

"செவப்பு வந்தது காலுக்கு இல்லப்பா. வாய்க்கு. வாயி தெறக்கணும்னுதான் கருப்பரு குடுத்தாரு. தெறந்துச்சா இல்லையா?"

அதற்கு மேல் யாரும் வாதாடவில்லை. அடுத்த வாரமே அந்தப் பேச்சு வீடியோவாக எல்லோருடைய போனுக்கும் வந்தது.

படிப்பவர்கள் பதற வேண்டாம் என்பதற்காக இதையும் இங்கேயே சொல்லிவிடலாம்: அடுத்த மாதம் கலைமதிக்குச் சுகப்பிரசவத்தில் பெண் பிறந்தது. வேண்டுதலை வெளியே சொன்னதால் ஒரு குறையும் வரவில்லை. பேத்திக்குக் குரல் மட்டும் கொஞ்சம் அதிகம், அது தாத்தா வழி.

அன்று இந்த ஆரவாரம் எதிலும் பரிமளா கலந்துகொள்ளவில்லை. கலைமதியையும் மருமகனையும் காரில் அனுப்பிவிட்டு, கணவனும் மனைவியுமாக பஸ்ஸுக்கு நின்றார்கள். ஆத்மநாதனுக்குக் காரில் ஏறினால் குமட்டும், பஸ்தான் ஒத்துக்கொள்ளும். புதுக்கோட்டையில் பஸ் மாறி உட்கார்ந்தபோதும் அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். திட்டினால்கூடத் தேவலை என்று இருந்தது அவருக்கு.

டவுனைத் தாண்டி முந்திரித் தோப்புகள் வரத் தொடங்கின. அப்போது அவள் திரும்பாமலேயே கேட்டாள்.

"ஏங்க, அன்னைக்கு அந்த வெரா மீன் கொழம்பு. அதுக்காக விடலயா நீங்க?"

அவருக்கு முதலில் எந்தக் குழம்பு என்று விளங்கவில்லை. அந்தக் குழம்பையும் அந்தத் தட்டையும் அவர் அன்றைக்கே மறந்துவிட்டிருந்தார். பிறகு மெல்ல விளங்கியது. கொல்லைப்புறத்துக்குப் போன அடுப்பு, சுவரோரம் நீண்ட கரண்டி, அழகம்மாளின் 'கரெக்டா இருக்கு', உப்பில்லாத ரசம் எல்லாம் ஒவ்வொன்றாக வந்து அவர் முன்னால் நின்றன.

"அதுக்காகன்னா நெனச்ச?" என்றார்.

"பின்ன என்னன்னு நெனைக்கிறது? உப்புக் கூடிருச்சுன்னா ரெண்டு வார்த்த பேசிட்டு மறுநாளு வாங்கித் திங்கிற ஆளுதான நீங்க. அதுக்கப்பறம் தொடவே இல்லேங்கவும், எங்கையே ஒங்களுக்கு ஆகலன்னு நெனச்சுக்கிட்டேன்."

சாமிக்குப் பயந்து மகளைக் காப்பாற்றினோம் என்று நினைத்திருந்தார். அந்தக் கணக்கில் இவளை ஏற்றவே இல்லை என்பது இப்போதுதான் தெரிந்தது.

"உப்பு கூடத்தான் இருந்துச்சு பரிமளா. அதத்தான் அன்னைக்குச் சொன்னேன். ஒங்கைய நான் எப்பச் சொன்னேன்? தப்பு எம்மேல. ஒங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கணும்."

அந்த நேரம் பார்த்துக் கண்டக்டர் வந்து நின்றார், இளவயசுக்காரர். ஆத்மநாதன் பாஸை நீட்டினார். பெரியவர் முழங்காலில் கை வைத்தபடி கண் கலங்கியிருப்பதைப் பார்த்துவிட்டு, "மூட்டு வலிங்களா சார்? நெடுங்கரட்டுல ஒரு முகாம் இருக்கு, போய்ப் பாருங்க" என்றார் அவர். பரிமளாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு கந்தர்வக்கோட்டை வரைக்கும் சிரித்தாள். நடுவில் கொஞ்சம் அழவும் செய்தாள்.

கவுச்சியை ஆத்மநாதன் இன்றுவரைக்கும் தொடவில்லை. சொன்ன சொல் சொன்ன சொல்தான் என்கிறார். கொல்லைப்புற அடுப்பு மட்டும் மறுபடி வீட்டுக்குள் வந்துவிட்டது.

முகாமிலிருந்து திரும்பிய மறுநாள் மத்தியானம் பரிமளா ரசம் வைத்தாள். ரசம் நுரைத்து வருகிற நேரத்துக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் அழகம்மாள் வழக்கம்போல வந்து நின்று, "உப்புப் பாக்கணுமா?" என்று கையை நீட்டினாள்.

"வேணாங்க்கா. நானே போட்டுட்டேன்" என்றாள் பரிமளா.

ஆத்மநாதன் சோற்றைப் பிசைந்து ஒரு வாய் வைத்தார். உப்பு கொஞ்சம் தூக்கலாகத்தான் இருந்தது. பரிமளா கரண்டியைப் பிடித்தபடி எதிரிலேயே நின்றாள். அவர் தட்டை அவள் பக்கம் நகர்த்தி, "இன்னுங் கொஞ்சம் ஊத்து" என்றார்.